பால் கலப்பதும் பயறு எடுப்பதும்: சின்னப் பிள்ளைகளுக்குப் பரம்பரை இயல்பைச் சொல்லிக்கொடுப்பது எப்படி

"மூக்கு அம்மாச்சி மாதிரி, காது அப்படியே அப்பன்தான்" என்று பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துப் பேசாத லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) கிடையாது. அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இந்தப் பாடம் புதிதில்லை. அதன் மனதில் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கிறது: அம்மாவும் அப்பாவும் பாதிப் பாதியாகக் கரைந்து கலந்துதான் பிள்ளை. பெரியவர்கள் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை முதலில் கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் அதற்கு மேலேயே போய் உட்காரும்.

கலைப்பதற்கு ஒரு கிளாஸ் பிளேன்டீ போதும். பிள்ளைகள் பார்க்க அதில் இரண்டு கரண்டி பால் ஊற்றிக் கலக்குங்கள். "இப்ப பாலை மட்டும் திருப்பி எடுத்துத் தாங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். சிரிப்பார்கள், முடியாது என்பார்கள். அடுத்து ஒரு கோப்பையில் ஒரு பிடி சிவப்புக் கௌபியும் (தட்டைப்பயறு) ஒரு பிடி வெள்ளைக் கௌபியும் போட்டுக் கலக்குங்கள். "இதுல வெள்ளையை மட்டும் எடுத்துத் தாங்க." ஒரு நிமிடத்தில் பொறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அம்மா அப்பாவிடமிருந்து இயல்பு வருவது பாலைப் போல அல்ல, கௌபியைப் போல: எவ்வளவு கலந்தாலும் ஒவ்வொரு விதையும் முழுசாகவே இருக்கும். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அன்றைக்கு இவ்வளவு போதும். மிச்ச நேரத்தில் ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, கோழிக்குஞ்சு படங்களைத் தாயோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் பயறு கொடுக்க வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். இரண்டு நிறச் சோடா மூடி கொடுங்கள்.

ஏழு முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்குக் கோழி விளையாட்டு. காது மடல், நாக்கைச் சுருட்டுவது, நெற்றியில் முடி இறங்கும் விதம் எல்லாம் ஒரே ஒரு விதையால் வருவதாகப் பல பாடக்குறிப்புகளில் இருக்கும். அது சரியில்லை. அவற்றில் பல பரம்பரையலகுகள் (ஜீன்கள், நம் பாடத்தில் விதைகள்) சேர்ந்து வேலை செய்கின்றன. நாக்குச் சுருட்டுவதில் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களே வேறுபடுவதுண்டு. கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழியை எடுத்துக்கொண்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த மொட்டைக் கழுத்து உண்மையிலேயே ஒரே ஒரு பரம்பரையலகால் வருவது, குஞ்சு பொரித்த அன்றைக்கே கண்ணுக்குத் தெரிவது.

இருபது பிள்ளைகள் என்றால் பத்துச் சோடி. ஒரு சோடிக்கு இரண்டு பழைய காலுறை: ஒன்று தாய்க்கோழி, மற்றது சேவல். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கௌபி, ஒரு வெள்ளைக் கௌபி. ஆக 20 காலுறை, 20 சிவப்பு, 20 வெள்ளை, தொலைவதற்கென்று நிறத்துக்கு ஐந்து கூட. கிளாஸும் கோப்பையும் வேண்டாம், பிள்ளைகள் எட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சிவப்பு விதை பெரிதாகவும் வெள்ளை சிறிதாகவும் இருந்தால் விரல் கண்டுபிடித்துவிடும். ஒரே அளவாகப் பொறுக்குங்கள், கிடைக்காவிட்டால் ஒரே அளவுச் சட்டைப் பொத்தான்.

விதி சின்னது. சிவப்பு என்றால் மொட்டைக் கழுத்து, வெள்ளை என்றால் இறகுக் கழுத்து. ஒரு சிவப்பு இருந்தாலே கழுத்து மொட்டைதான். இறகு வர இரண்டும் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தாய்க் காலுறையிலும் மற்றப் பிள்ளை சேவல் காலுறையிலும் பார்க்காமல் கைவிட்டு ஆளுக்கு ஒரு விதை எடுக்க வேண்டும். இரண்டையும் கொப்பி மேல் பக்கத்தில் பக்கமாக வைத்துக் குஞ்சின் படம் கீற வேண்டும். பிறகு விதைகளை அதே காலுறையில் திரும்பப் போட வேண்டும். சோடிக்கு நாலு குஞ்சு, வகுப்புக்கு நாற்பது.

பிழை நடப்பது பெரும்பாலும் அந்தத் திரும்பப் போடும் இடத்தில்தான். போட மறந்தால் இரண்டாவது குஞ்சு முதல் குஞ்சைப் பார்த்துப் பிறந்ததாகிவிடும். "அண்ணனுக்குக் கொடுத்துட்டதால தங்கச்சிக்கு இல்ல" என்ற எண்ணம் அங்கேயே வேர்விடும். ஒவ்வொரு குஞ்சுக்கும் எடுப்பது புதிதாகத்தான். கூடப்பிறந்தவர்கள் ஒரே மாதிரி இல்லாததற்குக் காரணமும் அதுதான், அதை இந்த நேரத்தில் சொல்லுங்கள்.

எண்ணிக்கையைக் கரும்பலகையில் சேர்த்து எழுதுங்கள். நாற்பதில் முப்பது மொட்டை, பத்து இறகு என்ற பக்கமாக வரும். 25-உம் 15-உம் வந்தாலும் பிழையில்லை. ஒரு சோடியின் நாலு குஞ்சை மட்டும் பார்த்தால் சரியாக மூன்றுக்கு ஒன்று வருவது பாதிக்கும் குறைவான தடவைதான். நாலும் மொட்டையாக வந்த சோடி தாங்கள் பிழை செய்ததாக நினைத்து முகம் வாடும், அவர்களை விட்டுவிடாதீர்கள். பரம்பரை இயல்பை எண்ணிப் பார்த்து ஆராய்ந்த துறவி கிரெகர் மெண்டல் 1856 முதல் 1863 வரை ஒரு மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, உருண்டை விதை, சுருங்கிய விதை என்று பிரித்து எண்ணினார். 7,324 விதையில் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. அவ்வளவு எண்ணியும் அச்சொட்டாக மூன்றுக்கு ஒன்றாக வரவில்லை, கிட்டத்தான் வந்தது. இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் வகுப்பின் எண்ணுக்குக் கீழே எழுதினால் பிள்ளைகளின் கண்ணில் வரும் மலர்ச்சியைப் பார்க்கலாம்.

பாடத்தின் உயிர் அடுத்த கேள்வியில் இருக்கிறது. இறகுக் கழுத்துக் குஞ்சு கிடைத்த ஒரு சோடியை முன்னே அழைத்து, அவசரப்படாமல் கேளுங்கள்.

"தாய்க்கோழிக்குக் கழுத்து எப்படி?"

"மொட்டை, டீச்சர்."

"சேவலுக்கு?"

"அதுவும் மொட்டை."

"அப்ப இதுக்கு எறகு எங்க இருந்து வந்துச்சு?"

இங்கே நீங்கள் வாய் திறக்கக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை காலுறைக்குள் எட்டிப் பார்க்கும். "உள்ள இருந்துச்சு, தெரியாம இருந்துச்சு" என்று அதுவே சொல்லும். பாட்டியின் சாயல் அம்மாவைத் தாண்டிப் பேத்திக்கு வருவதன் வழி அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பாலாக இருந்தால் ஒருநாளும் திரும்பி வந்திருக்காது. ஆட்சியான, பின்னிடைவான என்ற சொற்கள் மேல்வகுப்பில் வரட்டும். இந்த வயதுக்குக் காட்டிக்கொள்ளும் விதை, ஒளிந்துகொள்ளும் விதை என்றாலே போதும். ஆனால் காட்டிக்கொள்வதைப் "பலமான விதை" என்று சொல்லாதீர்கள். பலமானது நல்லது, மற்றது நோஞ்சான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தோட்டத்தில் உண்மையான மொட்டைக் கழுத்துக் கோழி இருந்தால் மறுநாள் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்கழுத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சின்ன இறகுக் கொத்து இருந்தால் அதற்குள் ஒரு விதைதான் சிவப்பு. கழுத்து முழுக்க வெறுமையாக இருந்தால் இரண்டும் சிவப்பாக இருக்கும். ஒளிந்த விதையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டே அறியலாம்.

அடுத்த வாரம் தேயிலை மலைக்குப் போங்கள். இந்த விஷயத்தில் மலையகப் பிள்ளைக்குக் கிடைக்கும் வசதி வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. வீ.பீ. மலையில் (விதை போடாமல் தண்டை ஊன்றி வளர்த்த தேயிலை) ஒரு பகுதி முழுக்க ஒரே தாய்ச் செடியிலிருந்து வந்ததாக இருக்கும். ஓர் இலையும் அதோடு ஒரு சிறு தண்டும் வெட்டி நர்சரிப் பையில் ஊன்றி வேர் பிடித்தவை அவை, அங்கே அப்பா என்று ஒன்றில்லை. பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் பூச்சி மகரந்தம் கொண்டுவந்து காய்த்த விதையில் முளைத்தது, அதற்கு அம்மாவும் அப்பாவும் உண்டு. இரண்டு மலையிலும் பக்கத்துப் பக்கத்து ஐந்து செடியில் செடிக்கு ஒரு முற்றிய இலை எடுத்து, வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, நீளத்தை அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். வீ.பீ. இலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். விதைத் தேயிலையில் நிறம், பல்வெட்டு, அகலம் எல்லாம் செடிக்குச் செடி மாறும்.

இலையை எல்லாச் செடியிலும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றில் கொழுந்துக்குப் பக்கத்திலும் இன்னொன்றில் அடியிலும் எடுத்தால் நீங்கள் அளப்பது வயதை. ஒரே வருடம் கவ்வாத்து வெட்டிய மலைகளாகவும் இருக்க வேண்டும். மருந்து அடித்த மலைக்குப் போகவே வேண்டாம். குளவிக்கூடு உண்டா என்று கங்காணியிடமோ கொழுந்து எடுக்கும் அம்மாக்களிடமோ கேட்டுவிட்டே பிள்ளைகளை ஏற்றுங்கள்.

இனி, மனிதரைப் பற்றி. "உங்க அம்மா அப்பா படத்தைக் கொண்டு வாங்க" என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், தான் அம்மாச்சி வீட்டில் என்று இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. வளர்ப்புப் பிள்ளையும் இருக்கலாம், வீட்டில் அதை இன்னும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். முகத்தை வைத்து யார் பிள்ளை என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை எந்த வடிவிலும் நடத்தக் கூடாது. மூக்கும் நிறமும் உயரமும் பற்பல விதைகளின் கூட்டு வேலை, அதனால் பெற்றோரைப் போல இல்லாத பிள்ளை இயல்பானதே. நிறத்தைப் பற்றி யாராவது கேலியாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தி, இரண்டு கை நிறையக் கௌபியை அள்ளிக் காட்டுங்கள்: "இவ்வளவு விதையும் சேர்ந்துதான் ஒரு நிறம்."

உயரத்துக்கு வரும்போது சாப்பாட்டையும் சேர்த்தே பேசுங்கள். தோட்டத்துப் பிள்ளை குட்டையாக இருப்பதைப் "பரம்பரை" என்று மூடிவிடுவது எளிது. சின்ன வயதில் போதிய ஊட்டம் கிடைக்காததும், அடிக்கடி வயிற்றோட்டம் வந்ததும் உயரத்தைக் குறைக்கும். முட்டையும் பயறும் பாலும் கிடைத்தால் மாறக்கூடிய விஷயம் அது.

வாழ்க்கையில் வந்து சேர்ந்தது பிள்ளைக்குப் போகாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "அம்மாவுக்குக் காது குத்தியிருக்கே, தங்கச்சி பிறக்கும்போதே காதில் ஓட்டை இருந்துச்சா?" என்று கேளுங்கள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல், விழுந்த தழும்பு, சாயம் பூசிய முடி என்று அவர்களே அடுக்குவார்கள்.

மண்ணும் தண்ணீரும் செய்யும் வேலையைக் காட்ட ஹைட்ரேஞ்சியா நல்லது. ஒரே தாய்ச் செடியின் இரண்டு கொம்பில் ஒன்றைப் புளிப்பான தேயிலை மண்ணிலும் மற்றதை டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்த மண்ணிலும் நட்டால், முதலாவது நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்புப் பக்கமாகவும் பூக்கும். வெள்ளைப் பூ இனம் நிறம் மாறாது, அதை எடுக்க வேண்டாம். பூவுக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆகவே முதலாம் தவணை தொடங்கியதும் ஊன்றிவிடுங்கள். சட்டியில் பெயரும் மண்ணின் வகையும் மழையில் அழியாத மையால் எழுதியிருக்க வேண்டும்.