பணிச்சோர்வைத் தடுக்கும் முயற்சியில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் செய்யும் தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே வீட்டில் ஒருவர் ஆசிரியராகவும் மற்றொருவர் ஸ்டாஃப் நர்ஸாகவும் இருப்பதைப் பல தெருக்களில் காணலாம். இரண்டுமே நாள் முழுவதும் பிறருடைய தேவையைக் கவனித்தே தீர வேண்டிய வேலைகள். களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஒரு மணி நேரம் ஒதுங்கி இருக்க இவற்றில் இடமில்லை. இந்த வேலைகளில் வரும் பணிச்சோர்வைப் பற்றி இப்போது பள்ளிக் கூட்டங்களிலும் மருத்துவமனைக் கூட்டங்களிலும் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் அதைத் தடுப்பதற்கென்று எடுக்கும் நடவடிக்கைகளிலேயே சில தவறுகள் மறுபடி மறுபடி நடப்பதால், பேசும் அளவுக்குப் பலன் கிடைப்பதில்லை.

முதல் தவறு, களைப்பை மட்டுமே அடையாளமாகக் கொள்வது. 1974-ல் நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், அங்கே ஆர்வத்தோடு வந்து சேர்ந்தவர்களே ஏறக்குறைய ஓராண்டில் வெறுமை அடைவதைக் கண்டு எழுதியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. பின்னர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் வினாத்தொகுப்பை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வரும் நிலை என்றே வரையறுத்தது. அதற்கு மூன்று கூறுகள் உண்டு: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம்.

இந்த மூன்றில் இரண்டாவதைத்தான் நாம் பெரும்பாலும் தவறாகப் படிக்கிறோம். ஒவ்வொரு மாணவனின் வீட்டு நிலவரத்தையும் தெரிந்து வைத்திருந்த ஆசிரியை, இப்போது பெயர் சொல்லாமல் "மூணாவது பெஞ்ச், எழுந்திரு" என்கிறார். நோயாளியின் உறவினர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி வந்த செவிலியர், "டாக்டர் வந்தா கேட்டுக்கோங்க" என்று முகம் பார்க்காமலே நகர்கிறார். உடனே அவருக்குத் திமிர் வந்துவிட்டது, பொறுப்பு போய்விட்டது என்று முடிவு கட்டி, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தருகிறார்கள். உண்மையில், இனியும் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லாத நிலையில் மனம் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் வேலிதான் அந்த விலகல். நேற்று வரை நன்றாக இருந்தவர் இப்படி மாறுகிறார் என்றால், கடந்த ஆறு மாதங்களில் அவருடைய வேலையில் என்ன கூடியது, எந்த உதவி குறைந்தது என்றுதான் தலைமையாசிரியரோ நர்சிங் கண்காணிப்பாளரோ முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பணிச்சோர்வு என்று தாமே பெயர் வைத்துக்கொள்வதும் ஆபத்தானது. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே போன்ற அசதியைத் தரும். நம் ஊர்ப் பெண்களிடம் இவை இரண்டும் சாதாரணமாகக் காணப்படுகின்றன. விடுமுறையிலும் தெளிவு வராமல், பிடித்த சாப்பாட்டிலும் பிள்ளைகளின் பேச்சிலும்கூட நாட்டம் போய்விட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்கு மருத்துவம் தேவை. மருத்துவமனையிலேயே வேலை செய்பவர்கள் தமக்கென்று ஓ.பி. சீட்டு போடுவதில்லை என்பது வருத்தமான உண்மை.

சுமையைக் குறைக்காமல் தாங்கும் பயிற்சி தருவது

பணிச்சோர்வுக்கு நிர்வாகங்கள் வழக்கமாக எடுக்கும் நடவடிக்கை ஒரு நாள் பயிலரங்கு. சனிக்கிழமை காலையில் ஆசிரியர்களை வரவழைத்து, அல்லது நைட் டூட்டி முடிந்த செவிலியர்களை அப்படியே கூட்ட அரங்கில் உட்கார வைத்து, மூச்சுப் பயிற்சியும் நேர்மறைச் சிந்தனையும் கற்பிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, குழுப் படம் எடுத்து அனுப்புவார்கள். மூச்சுப் பயிற்சியில் எந்தக் குறையும் இல்லை. தானாக விரும்பிச் செய்பவருக்கு அது நன்மையே தரும். ஆனால் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளைப் பறித்துக்கொண்டு, ஓய்வின் முக்கியத்துவத்தைப் பற்றி வகுப்பு எடுப்பதை ஏற்க முடியாது. அந்த வகுப்பின் உள்ளே இருக்கும் செய்தி, பிரச்சினை உன்னிடம் இருக்கிறது, நீ இன்னும் கொஞ்சம் தாங்கக் கற்றுக்கொள் என்பதுதான்.

மருத்துவர்களிடையே நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, தனிநபருக்குப் பயிற்சி தருவதைவிட, பணி நேரத்தையும் பணி முறையையும் மாற்றும் நடவடிக்கைகள் கூடுதல் பலன் தந்ததைக் காட்டியது. மாஸ்லாக்கும் அவரோடு ஆய்வு செய்த உளவியலாளர் மைக்கேல் லைட்டரும் பணியிடத்தில் ஆறு பகுதிகளைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலையின் அளவு, அதன் மீது ஊழியருக்கு உள்ள பிடி, கிடைக்கும் அங்கீகாரம், உடன் பணிபுரிபவர்களின் உறவு, நியாயம், தான் நம்பும் நெறிக்கும் செய்யும் வேலைக்கும் உள்ள பொருத்தம். மன உறுதி இந்த ஆறிலும் இல்லை. இந்த ஆறும் ஓரளவு சரியாக இருக்கும் இடத்தில் அது வளர்கிறது என்றே நான் கருதுகிறேன்.

எங்கே கை வைக்கலாம் என்பதற்கு, காலை நேரத்து வார்டு ஒன்றைப் பார்க்கலாம். நைட் டூட்டி சிஸ்டர் அவசர மருந்துத் தட்டை எண்ணி, ஆக்சிஜன் சிலிண்டரின் அளவைக் குறித்து, ஒவ்வொரு படுக்கையாகக் கேஸ் ஷீட்டுடன் ஹேண்டிங் ஓவர் கொடுக்க வேண்டும். பொறுப்பேற்க வேண்டியவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் இவரும் நிற்க வேண்டும். எண்ணிக்கையில் ஓர் ஊசி மருந்து குறைந்தால் கணக்கு நேராகும் வரை நிற்க வேண்டும். வேலை புதுச்சேரியில், வீடு கடலூரில் என்றால் அதற்குப் பிறகுதான் 20 கி.மீ.-க்குச் சற்று மேற்பட்ட பேருந்துப் பயணம். வீடு சேர்ந்து, சமைத்து, துணி துவைத்து, நண்பகலில் படுத்து, மாலையில் மறுபடி கிளம்புகிறார். பயிலரங்கு எதுவும் தராத நிம்மதியை, டூட்டி அட்டவணையை ஒரு மாதம் முன்பே ஒட்டுவதும், நைட் டூட்டிகளை அடுத்தடுத்து அடுக்காமல் இருப்பதும், அவை முடிந்ததும் முழு ஓய்வு நாள் தருவதும், ஹேண்டிங் ஓவருக்கென்று இரண்டு ஷிஃப்டுகளும் கால் மணி நேரம் ஒன்றின் மீது ஒன்று படியுமாறு நேரத்தை அமைப்பதும் தந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு குறைவு. முடிவெடுக்கும் மனம்தான் தேவை.

பள்ளியில் இதே சுமைக்கு வடிவம் வேறு. பாடம் நடத்தும் நேரத்தைப் புள்ளிவிவரம் தின்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பள்ளி, மாணவர் விவரங்களுக்கான எமிஸ் செயலியில் பதிவேற்றுவதற்காக வகுப்பறையில் நெட்வொர்க் தேடி நிற்பதும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணிக்காக வீடு வீடாகப் போவதும், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ.க்கு மாறியபோது ஆசிரியர்கள் தாமே புதிதாகப் படித்துக்கொண்டு நடத்த வேண்டியிருந்ததும் எல்லோரும் அறிந்தவை. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதம் குறைந்த பள்ளியின் ஆசிரியரை ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிக் கேள்வி கேட்பது, இவை அனைத்தையும்விட ஆழமாகப் புண்படுத்தும். தேர்ச்சி பெறாத மாணவன் மூன்று மாதம் பள்ளிக்கே வராமல் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்தான் என்பது விகிதத்தில் தெரியாது. தன் கையில் இல்லாத ஒன்றுக்குப் பொறுப்பேற்க வைப்பதைப் போல ஆளை விரைவாக வெறுமையாக்குவது வேறு எதுவும் இல்லை.

இரவில் வரும் வாட்ஸ்அப் செய்தியைப் பலர் சிறிய தொல்லையாக நினைக்கிறார்கள். வேலை நேரம் முடிந்த பின் மனமும் வேலையிலிருந்து விடுபட்டால்தான் மறுநாளுக்கான ஆற்றல் திரும்பும் என்பதை இத்துறை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. இரவு பத்து மணிக்கு "நாளை காலைக்குள் விவரம் தேவை" என்று குழுவில் போடும் அதிகாரி, அத்தனை பேரின் உறக்கத்திலும் கை வைக்கிறார். இன்ன நேரத்துக்குப் பிறகு குழுவில் பதிவிடுவதில்லை, உயிர் போகும் அவசரம் என்றால் தொலைபேசியில் அழைப்பது என்று ஒரு விதி இருந்தால் போதும்.

தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுவதை அர்ப்பணிப்பு என்று பாராட்டுவதையும் நிறுத்த வேண்டும். சிறுநீர்த் தொற்றும் வயிற்று எரிச்சலும்தான் அதற்குக் கிடைக்கும் பரிசு.

புயலுக்குப் பின் நடக்கும் தவறு

நம் கடற்கரையில் இந்த வேலைகளுக்கு உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் இல்லாத ஒரு கூடுதல் பாரம் உண்டு. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என ஒவ்வொரு முறையும் பள்ளிகள் நிவாரண முகாம்களாகின்றன. மருத்துவமனைப் பணியாளர்கள் ஷிஃப்ட் மாற ஆள் வராமல் இரண்டு நாள்கூட வார்டிலேயே இருக்கிறார்கள். ஃபெஞ்சலின்போது தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பகுதிகள் நீரில் மூழ்கியபோது, முகாமில் சோறு போட்டவர்கள் பலரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றது. அவர்கள் மீட்பவர்கள் மட்டுமல்லர், பாதிக்கப்பட்டவர்களும்கூட என்பதை நிர்வாகம் மறப்பது பெரிய தவறு. தண்ணீர் வடிந்த மறுநாளே பள்ளியைத் திறந்து, முகாம் கணக்கையும் கேட்டு, விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்யச் சிறப்பு வகுப்பும் வைத்தால், அவர் தன் வீட்டுச் சேற்றை எப்போது கழுவுவார்?

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு தவறும் நடக்கிறது. பேரிடர் முடிந்த உடனே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பார்த்த கொடுமைகளை ஒவ்வொருவராகச் சொல்லும்படி வற்புறுத்துகிறார்கள். மனத்தில் இருப்பதைக் கொட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011-ல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்று செயல்களையே சொல்கிறது. உடனடித் தேவை என்ன என்று பார்க்க வேண்டும். அவராகப் பேசினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குடும்பம், உதவித்தொகை, மருத்துவம் என்று தேவைப்படும் இடத்தோடு இணைத்துவிட வேண்டும். பேச விரும்பாதவரை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் ஒரு செவிலியருக்கு, வீட்டைப் பார்த்துவர நான்கு மணி நேர அனுமதியும் ஒரு வண்டியும்தான் உண்மையான உதவி.

பிழை நேர்ந்தவரைத் தனியே விடுவது

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-ல் எழுதிய கட்டுரையில், மருத்துவப் பிழையில் நோயாளி முதல் பாதிக்கப்பட்டவர் என்றால், அதைச் செய்துவிட்ட பணியாளர் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்றார். தொடர்ந்து நான்காவது இரவு விழித்திருப்பவர் மருந்தின் அளவை மாற்றிப் போட்டுவிடுகிறார். நோயாளி பிழைத்துக்கொண்டாலும் அவர் அதன் பிறகு ஊசியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நடுங்குகிறார். விசாரணை அவசியம், நோயாளியின் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்வதும் அவசியம். ஆனால் ஒரே மாதிரித் தோற்றமுள்ள இரண்டு மருந்துக் குப்பிகள் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அந்த வார்டில் அன்றிரவு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று கேட்காமல், ஒரு பெயரைக் கண்டுபிடித்ததோடு விசாரணையை முடித்தால், அடுத்த பிழையை எல்லோரும் மறைக்கத்தான் செய்வார்கள். அன்றைய நாளே ஒரு மூத்த சிஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கேன், முதல்ல சாப்பிடு" என்று சொல்வதன் மதிப்பை எந்தச் சுற்றறிக்கையும் ஈடுசெய்யாது.

உதவி கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி மறைப்பது ஊழியர்கள் பக்கத்துத் தவறு. அந்த அச்சத்தை வளர்ப்பதோ நிர்வாகத்தின் தவறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. தன் மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே அழைக்க வேண்டும், அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

விடுப்பு முடிந்து திரும்புபவரை வரவேற்கும் விதத்தில் நடக்கும் தவறு கடைசியாகச் சொல்ல வேண்டியது. மருத்துவ விடுப்பில் போனவரின் வேலையைச் சேர்த்து வைத்து, வந்த அன்றே திருத்தாத விடைத்தாள் கட்டுகளையோ தொடர் நைட் டூட்டியையோ கையில் கொடுத்தால், அவர் எந்த இடத்திலிருந்து போனாரோ அதே இடத்துக்குச் சில வாரங்களில் திரும்பிவிடுவார். முதல் சில வாரங்களுக்குப் பகல் டூட்டியோ குறைந்த பாடவேளைகளோ கொடுத்து, எந்த வேலை அதிகம் அழுத்துகிறது என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலை வைத்து அடுத்த மாத அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். அவருக்குப் பதிலாக இத்தனை நாள் கூடுதலாகச் சுமந்த சக ஊழியருக்கும் அதே மாதத்திலேயே ஈடுசெய் விடுப்பு தர வேண்டும்.