காற்றில் போன கூரைக்குப் புதுசா போட்டதும் ஒழுகுதா?

ஏற்காட்டில் காற்று மழையில் கூரை போய், அவசர அவசரமாக ஷிங்கிள்ஸ் (ஆணி அடித்துப் பொருத்தும் மெல்லிய கூரைத் துண்டுகள்) போட்டு, அது அடுத்த மழைக்கே பெயர்ந்தால் காண்ட்ராக்டர் சொல்வது, "காத்து அப்படிங்க, நாங்க என்ன பண்றது?" அதை நம்பி மறுபடி பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பெயர்ந்த ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். ஆணி அடிக்கும் இடம் எங்கே என்று கம்பெனியே குறித்திருக்கும், பொதுவாகத் துண்டுக்கு 4 ஆணி, காற்று பலமாக அடிக்கும் இடத்தில் 6. ஆணி ஓட்டை அந்தக் குறிக்கு மேலே போயிருந்தாலோ, ஆணித்தலை புதைந்து ஷிங்கிளையே கிழித்திருந்தாலோ வேலை சரியில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தகர ஷீட் என்றால் ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கியிருக்கிறதா பாருங்கள்.

வேறு ஆளைக் கூப்பிடும் முன் போட்டோ, வீடியோ எடுத்து, அந்தத் துண்டை ஆணியோடு பத்திரப்படுத்துங்கள், அதுவரை தார்ப்பாய் போதும். பில் இல்லையா, பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் கைகொடுக்கும். அப்புறம் காண்ட்ராக்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ்.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம், அல்லது நேராக சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

காட்டேஜ் நடத்துபவர்கள் மட்டும் கவனம்: வணிக நோக்கம், அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.