சர்க்கரைக்காக வயிற்று ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு

நாமக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். தினமும் முட்டை எண்ணுவதே என் வேலையில் பாதி. மூன்று வருடத்துக்கு முன் கோவையில் பைபாஸ் செய்துகொண்டேன். நெஞ்சில் செய்கிற பைபாஸ் இல்லை, வயிற்றில் செய்வது. அப்போது எடை 92 கிலோ, உயரம் 158 செ.மீ. ஆறு வருடச் சர்க்கரை. மூன்று விதமான மாத்திரை, ராத்திரி 24 யூனிட் இன்சுலின், அப்படியும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி 9.4. இப்போது சுற்றுவட்டாரத்தில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போனை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுக்க வேண்டும். 92-ஐ 1.58-ஆல் இருமுறை வகுத்தால் 36.9, அதுதான் என் பிஎம்ஐ. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குச் சர்க்கரையும் இருந்தால் 27.5-இலேயே இந்த ஆபரேஷனை யோசிக்கலாம் என்று உலக அளவிலான மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் காப்பீட்டு விதி வேறு. பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுக்கு அடங்காத சர்க்கரை மாதிரி பெரிய தொந்தரவு ஏதாவது இருக்க வேண்டும். 27.5-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பவர்கள் கைக்காசு போட வேண்டியதுதான். பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருடம் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். நான் பார்க்காமல் போய், முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது.

எடையைவிட முக்கியமானது சர்க்கரை வந்து எத்தனை வருடம் ஆகிறது என்பது. கணையத்தில் இன்சுலின் சுரக்க இன்னும் சரக்கு இருந்தால்தான் ஆபரேஷனுக்கு முழுப் பலன். சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். பதினைந்து இருபது வருடம் இன்சுலின் போட்டு ஓய்ந்த பிறகு போனால் எடை இறங்கும், சர்க்கரை அந்த அளவுக்கு இறங்காது. இது டைப் 2 காரர்களுக்கான வழி. டைப் 1 என்றால் இன்சுலினை நிறுத்தவே முடியாது. கண்ணையும் காட்டிவிடுங்கள். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை சட்டென்று இறங்கும்போது அது மோசமாக வாய்ப்பு உண்டு.

ஸ்லீவா பைபாஸா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். பைபாஸில் மேலே ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, சிறுகுடலை மாற்றி இணைப்பார்கள். சாப்பாடு சீக்கிரமே குடலின் கீழ்ப்பகுதிக்குப் போவதால் அங்கே சுரக்கும் ஹார்மோன் கூடி, இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் 150 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்து எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் நூற்றுக்கு 29, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் பைபாஸ் செய்தவர்களிலும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அந்த எல்லையைத் தொடவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. ஸ்லீவ் செய்தால் அது கூடும் என்பதால் பைபாஸ்.

மருத்துவரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுக்குப் போன பிறகு என் சர்க்கரை மருந்தை யார் குறைப்பார்கள்? போன் நம்பர் என்ன?" நான் கேட்கவில்லை. மருத்துவமனையிலேயே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு, வழக்கமாகப் போகும் கிளினிக்கில் பழைய சீட்டைப் பார்த்து கிளிமிபிரைடை மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். நானும் முழுங்கினேன். பதினோராம் நாள் விடியற்காலையில் நைட்டி தொப்பலாக நனைந்து எழுந்தேன். சர்க்கரை மீட்டரில் 54, ரொம்பக் குறைவு. மகன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தும் அரை மணி நேரம் கை நடுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடிக்கிற உடம்புக்கு அந்த மாத்திரை எதற்கு? டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். கல்லீரல் சுருங்கினால்தான் கேமரா வைத்துச் செய்ய இடம் கிடைக்கும். முந்தின நாள் பிரியாணி சாப்பிட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். கால் மணிக்கு ஒருமுறை 30 மில்லி என்றார்கள். டம்ளரில் ஊற்றினால் தலை தானாக அண்ணாந்துவிடுகிறது, நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைக்கிறது. பரணில் இருந்து, மகனுக்குப் பால் புகட்டிய சங்கை எடுத்தேன். முட்ட ஊற்றினால் 25 மில்லி. நாக்கில் சாய்த்துச் சாய்த்துக் குடித்தேன். முதல் வாரம் தெளிந்த பருப்புத் தண்ணீர், மோர், இளநீர் எல்லாம் சங்கில்தான். அந்த நாட்களில் நாடி 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறோ இடது தோளோ வலித்தாலோ விடியட்டும் என்று படுக்காதீர்கள். தையல் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பிறகு மசித்தது, ஒரு மாதம் போல ஆனதும் மெத்தென்றது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். பத்து முட்டை! அரை முட்டையிலேயே வயிறு நிரம்பிவிடும்போது எங்கே போவது? தயிர், பாசிப்பருப்பு, மீன், மீதிக்குப் புரத மாவு என்று ஓட்டினேன். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் ஒரு கரண்டி சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் தள்ளியே குடியுங்கள்.

நான்காம் மாதம் ஒரு காதுகுத்தில் அரைக் கிண்ணம் சேமியா பாயசம் குடித்தேன். பத்து நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்தது. லோ சுகர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பாயசத்தை நீட்டினார்கள். மீட்டரை வைத்தால் 188. அது டம்பிங், இனிப்பு மொத்தமாகக் குடலில் இறங்கிய கோளாறு. படுத்திருந்தால் சரியாகிவிடும். வியர்த்தாலே சர்க்கரையை வாயில் போடாமல், முடிந்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் நிஜமாகவே லோவாக இருக்கலாம்.

முடி கொட்டும், திரும்ப முளைக்கும். பித்தப்பைக் கல் வராமல் இருக்க ஆறு மாதம் மாத்திரை உண்டு. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம், புண் வரும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "எனக்கு வயிற்று பைபாஸ்" என்று முதலில் சொல்லுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்பை டீயோடு விழுங்கக் கூடாது. நான் காலை மணியடித்ததும் இரும்பு, மதியச் சாப்பாட்டு மணிக்குக் கால்சியம்.

இப்போது 67 கிலோ. இரண்டு வருடம் ஒரு சர்க்கரை மாத்திரையும் இல்லை, எச்பிஏ1சி 5.9-இல் நின்றது. போன ஆவணியில் 6.7 காட்டியது. காலையில் மெட்ஃபார்மின் 500 ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், சாதாரண மாத்திரைதான்; மெதுவாகக் கரையும் வகை பைபாஸ் குடலில் சரியாகச் சேராது. "அப்ப ஆபரேஷன் தோத்துப்போச்சா அக்கா?" என்று சமையல் உதவியாளர் கேட்டார். முன்பு ஊசி வைத்திருந்த ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கச் சொன்னேன். முட்டை.