ஊனமுற்ற முன்னாள் படைவீரருக்கு வீட்டு வாடகை உதவி: ‘ஹட்-வாஷ்’ வருமானக் கணக்கு

அமெரிக்காவில் பணியின்போது ஊனமுற்று, தங்க வீடின்றித் தவிக்கும் முன்னாள் படைவீரருக்கு உதவ விரும்புவோர் முதலில் நாட வேண்டியது ‘ஹட்-வாஷ்’ (HUD-VASH) திட்டம். வாடகையின் ஒரு பகுதியை ஏற்கும் உதவிச் சீட்டான வாடகை வவுச்சரை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் தருகிறது, வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறை அவருக்குத் துணைநிற்க ஒரு கேஸ் மேனேஜரை அமர்த்துகிறது. தெரிந்தவர் ஒருவருக்கு இதை முடித்துக் கொடுத்த கையோடு எழுதுகிறேன்.

படி 1: டிடி-214 எனப்படும் படைப்பணி விடுவிப்புச் சான்றும் அடையாள அட்டையும் உங்களிடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வி.ஏ. உதவித்தொகைக் கடிதத்தை மட்டும் அத்துறையின் இணையதளத்திலேயே தரவிறக்குங்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தபாலுக்குக் காத்திருப்பது வீண். தரவிறக்கும்போது மாதத் தொகை, பணிசார் ஊனம் ஆகிய இரண்டு விவரங்களும் கடிதத்தில் இடம்பெறுமாறு தேர்ந்தெடுங்கள்.

படி 2: வீட்டுவசதி ஆணையத்துக்கு நேராகப் போகாதீர்கள், பரிந்துரை பெரும்பாலும் வி.ஏ. வழியாகவே வர வேண்டும். வீடற்ற முன்னாள் படைவீரருக்கான வி.ஏ. உதவி மையத்தை 877-424-3838 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

படி 3: பலரும் தடுக்கி விழும் இடம் வருமானக் கணக்கு. வி.ஏ.வின் 2025 விகிதப்படி, 100 விழுக்காடு ஊனமுற்றுத் தனித்து வாழும் வீரருக்கு மாதம் சுமார் 3,831 டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 டாலர் கிடைத்தது. இத்தகைய தொகையும் முன்பு வருமானமாகவே சேர்க்கப்பட்டதால், அதிகமாக ஊனமுற்றவரே அதிக வருமானக்காரராகக் கருதப்பட்டு, தகுதிக்கான வருமான வரம்புக்கு வெளியே தள்ளப்படும் விந்தை நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை விதியை மாற்றியது: ஹட்-வாஷ் தகுதியைப் பார்க்கும்போது பணிசார் ஊனத்துக்கான வி.ஏ. தொகையைச் சேர்க்கக்கூடாது, வரம்பும் வட்டார இடைநிலை வருமானத்தின் 80 விழுக்காடாக உயர்ந்தது. அலுவலர் பழைய கணக்கைச் சொன்னால் வாதிட வேண்டாம். 2024 மாற்றத்தைக் குறிப்பிட்டு, மறுப்பை எழுத்தில் கேளுங்கள், கேஸ் மேனேஜரையும் பேசச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த விலக்கு தகுதிக்கு மட்டுமே. அவர் செலுத்த வேண்டிய வாடகைப் பங்கைக் கணக்கிடுகையில் அதே தொகை மீண்டும் சேர்கிறது. கழிவுகள் போக எஞ்சும் வருமானத்தில் பொதுவாக 30 விழுக்காட்டை அவரே கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையெனில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அதிர்ச்சிதான்.

படி 4: வவுச்சர் கிடைத்ததும் வீடு தேடக் குறைந்தது 120 நாள் அவகாசம் உண்டு.

பின்சேர்க்கை: சமூகப் பாதுகாப்பு ஊனத் தொகைக்கும் இவ்விலக்கு பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொருந்தாது, அது தகுதிக் கணக்கிலும் வருமானமாகவே சேரும். இரண்டையும் பெறுபவருக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகைக்கான கடிதத்தையும் தனியே எடுத்து, எது எந்தத் தொகை என்று தெளிவாகக் குறித்துக் கொடுங்கள்.