குளவிக் கூட்டைக் கலைப்பதற்கு முன்

கொம்பைத் தேடுவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று ஐந்து நிமிடம் கூட்டைப் பாருங்கள். டெல்டா வீடுகளில் கட்டுபவை பெரும்பாலும் மூன்று வகை. மூன்றையும் ஒரே மாதிரி கையாள முடியாது.

சன்னல் சட்டம், பரண், மோட்டார் கொட்டகையில் சேற்றுக் கட்டியாக ஒட்டியிருப்பது மண் குளவி. தனியாக வாழ்வது, கூட்டமாகத் துரத்தாது. உள்ளே குஞ்சுக்கு இரையாக மயங்கிய சிலந்தியோ புழுவோ அடைத்திருக்கும். குளவி வெளியே போனதும் கரண்டியால் சுரண்டினால் போதும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கட்டியிருந்தால் மட்டும் கவனம்: மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரில் மண் சிக்கினால் தொடுமுனை சரியாகச் சேராது, மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போய் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். மெயினை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

ஓட்டு வீட்டுக் கைமரத்திலும் தாழ்வாரத்திலும் ஒரு காம்பில் தொங்கும், அறைகள் வெளியே தெரியும் கூடு மஞ்சள் குளவியுடையது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலை என்றால் விட்டுவிடுங்கள். தோட்டத்துப் புழுக்களைத் தின்கிறது. வாசல்படிக்கு மேலே கட்டியிருந்து, கூடு உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் நீங்களே எடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் கலந்து, பீய்ச்சும் தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளுங்கள். நன்றாக இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டில் அடங்கியிருக்கும்போது அடிக்க வேண்டும். சோப்பு நீர் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். வெறும் தண்ணீர் கோபத்தைத்தான் கிளப்பும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள், சிவப்பு வெளிச்சம் குளவிக்குச் சரியாகத் தெரியாது. கைலி வேண்டாம், பேன்ட், காலுறை, முழுக்கைச் சட்டை. ஏணி மேல் நின்றோ நேர் கீழே நின்றோ அடிக்காதீர்கள். கடித்ததைவிட ஏணியிலிருந்து விழுந்ததுதான் பெரிய காயமாகும். மறுநாள் காம்பையும் சுரண்டிவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர் எந்தக் கூட்டின் பக்கமும் போகக் கூடாது.

மூன்றாவது, கதண்டு. கறுத்த பெரிய உடல், வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை. பனை, தென்னை, புதர், மரப்பொந்து என்று எங்கும் கட்டும். திறந்த இடத்தில் கட்டினால் காகிதம் போன்ற உறை மூடியிருக்கும், போக வர ஒரு வாசல் இருக்கும். இதை நீங்கள் தொடக் கூடாது. மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடிப்பது ஊரில் பழக்கம்தான். கீற்றுக் கொட்டகையும் வைக்கோல் போரும் பக்கத்தில் இருக்கும்போது அது வீட்டையே கொளுத்தும் வேலை. கல்லெறிவது, புகை போடுவது, மரத்தடியில் வெடி வெடிப்பது எல்லாம் கூட்டத்தையே கிளப்பிவிடும். ஒன்றை நசுக்கினாலும் அதன் வாடை மற்றவற்றை அழைக்கும்.

தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-ல் அழைத்து என்ன மரம், எவ்வளவு உயரம், மின்கம்பி அருகில் உண்டா, வண்டி உள்ளே வருமா என்று சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மாட்டை இடம் மாற்றிக் கட்டுங்கள். வாசல் விளக்கை அணையுங்கள், வெளிச்சத்துக்கு வரும். தேங்காய் பறிக்க ஆள் ஏறுவதற்கு முன்பும் மரத்தைச் சுற்றி வந்து மட்டை இடுக்கில் கதண்டு போக்குவரத்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

துரத்தினால் துண்டால் தலை, முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்துங்கள். கையை வீசாதீர்கள். வாய்க்காலில் குதிப்பவர்கள் உண்டு. தலை தூக்கும்போது மேலேயே காத்திருக்கும்.

ஒன்றிரண்டு கடி என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள். விரலில் கடித்தால் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு தடவுவதால் விஷம் இறங்காது. மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. அந்த நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான். வாயிலோ தொண்டையிலோ கடித்தாலும், பத்துக்கு மேல் கடித்தாலும், நன்றாக இருப்பதுபோல் தோன்றினால்கூட அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடுத்த சில நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே திரும்பப் போக வேண்டும்.