எந்த முதலாளி எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்? ஆவணங்களில் தேடும் முறை

"கட்சிகளை எல்லாம் முதலாளிகள் விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்ற பேச்சு டீக்கடை பெஞ்சிலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் ஓயாமல் கேட்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பொதுப்படையான பேச்சுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிறுவனம் இந்தத் தேதியில் இந்தக் கட்சிக்கு இவ்வளவு கொடுத்தது, அடுத்த ஆண்டு இந்தத் துறையின் இந்த வேலை அதற்குக் கிடைத்தது என்று தாளோடு போய் நின்றால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம். அந்தத் தாள்களில் பெரும்பகுதி இந்தியாவில் பொது ஆவணங்களே. ஒரே இடத்தில் இல்லாமல் ஏழெட்டு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வியைச் சுருக்குங்கள்

பெரிய முதலாளியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். அவருக்கு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருக்கும். மூன்றாம் நாளே திசை தெரியாமல் போய்விடும். ஒரு சாலை வேலை, ஒரு குவாரி உரிமம், ஒரு மின் கொள்முதல் ஒப்பந்தம் என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்றை எடுத்து, அதைப் பெற்ற நிறுவனத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒரு நிறுவனம், ஒரு துறை, ஐந்து நிதியாண்டுகள்: முதல் முயற்சிக்கு இது போதும்.

கணினியில் ஒரு அட்டவணை போடுங்கள். தேதி, கொடுத்தவர், பெற்றவர், தொகை, ஆவணத்தின் பெயர், பக்க எண், நீங்கள் அதை எடுத்த நாள் என ஏழு பத்திகள். உங்கள் சந்தேகங்களுக்குத் தனித் தாள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், ஒரு மாதம் கழித்து எது ஆவணத்தில் இருந்தது, எது உங்கள் ஊகம் என்று உங்களுக்கே தெரியாது.

கட்சியின் பக்கம்

கட்சிகளுக்குப் பணம் போகும் வெளிப்படையான பாதை நேரடி நன்கொடை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி, ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் படிவம் 24ஏ-யில் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அது ஆண்டுவாரியாக இருக்கிறது. பல கட்சிகளின் படிவங்கள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் சொல் தேடல் வேலை செய்யாது; பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 20,000-க்குக் கீழே உள்ளவர்களின் பெயர் வராது. எனவே 24ஏ-யின் கூட்டுத்தொகையையும் கட்சியின் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கில் உள்ள மொத்த வரவையும் அருகருகே வையுங்கள். இடைவெளியில்தான் பெயரில்லாத பணம் இருக்கிறது.

இரண்டாவது பாதை தேர்தல் அறக்கட்டளைகள். 2013-ஆம் ஆண்டுத் திட்டப்படி நிறுவனங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும். அறக்கட்டளை அந்த ஆண்டில் பெற்றதில் குறைந்தது 95 விழுக்காட்டைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இவற்றில் பெரியது புரூடன்ட். கட்சியின் 24ஏ-யில் அறக்கட்டளையின் பெயர் மட்டுமே இருக்கும். கொடுத்த நிறுவனங்களின் பெயர்கள் அறக்கட்டளை ஆணையத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரே பணம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இந்த நிறுவனத்தின் பணம் இந்தக் கட்சிக்குத்தான் போனது என்று அறிக்கை பொதுவாகச் சொல்வதில்லை. வரவுத் தேதிக்கு அடுத்த ஓரிரு நாளில் அதே தொகை ஒரு கட்சிக்குப் போயிருந்தால் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஊகத் தாளில்.

தேர்தல் பத்திரப் பட்டியலைப் பொருத்துவது

தேர்தல் பத்திரம் என்பது பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குத் தரக்கூடிய பணப் பத்திரம். 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் சொன்னது. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று பெயர்ப் பட்டியல்களும், மார்ச் 21 அன்று பத்திர எண்களோடு கூடிய முழுப் பட்டியல்களும் வெளிவந்தன. திட்டம் மூடப்பட்டுவிட்டாலும், கொடுத்தவரையும் பெற்றவரையும் ரூபாய்க் கணக்கில் இணைக்க முடிகிற இவ்வளவு பெரிய ஆவணம் இந்திய அரசியலில் வேறு இல்லை. இதில் நேரம் செலவிடுவது வீண்போகாது.

மார்ச் 21 கோப்புகளையே எடுங்கள். பழைய கோப்பில் பத்திர எண் கிடையாது. இரண்டு பிடிஎஃப்கள்: ஒன்று வாங்கியவர்கள், மற்றொன்று பணமாக்கிய கட்சிகள். அவற்றை அட்டவணையாக மாற்ற டாபுலா என்ற இலவச மென்பொருள் உதவும். மாற்றியதும் வரிசைகளை எண்ணுங்கள். வாங்கியவர் பட்டியலில் 18,871, கட்சிகள் பட்டியலில் 20,421 வர வேண்டும். குறைந்தால் ஏதோ பக்கம் விடுபட்டிருக்கிறது.

ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு முன்னெழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. முன்னெழுத்து மதிப்பைக் குறிக்கிறது: ஒரு கோடிக்கு ஓ.சி., பத்து லட்சத்துக்கு டி.எல். எண்ணை மட்டும் வைத்துப் பொருத்தினால் ஒருவரின் பத்து லட்சம் இன்னொருவரின் ஒரு கோடியோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. முன்னெழுத்தையும் எண்ணையும் ஒரே பத்தியாகச் சேர்த்து, அதை வைத்து இரண்டு பட்டியல்களையும் இணையுங்கள்.

இணைத்த பிறகும் சில கட்சிப் பத்திரங்களுக்கு வாங்கியவர் கிடைக்கமாட்டார். பட்டியல் 2019 ஏப்ரல் 12-இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு வாங்கி, பின்பு பணமாக்கிய பத்திரங்களின் வாங்கியவர் பெயர் இதில் இல்லை. யாரோ மறைத்துவிட்டார்கள் என்று இந்த இடைவெளியை வைத்து எழுதாதீர்கள். எதிர்ப்பக்கத்தில், 15 நாட்களுக்குள் பணமாக்கப்படாத பத்திரங்களின் தொகை பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் போனது. அவை எந்தக் கட்சிக்கும் சேரவில்லை.

நீங்கள் செய்தது சரிதானா என்று பார்க்கத் தெரிந்த எண்களோடு ஒப்பிடுங்கள். வாங்கியவர்களில் முதலிடம் கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்: 1,368 கோடி ரூபாய். அடுத்தது மேகா இன்ஜினியரிங்: 966 கோடி. கட்சிகளில் பாரதிய ஜனதா கட்சி ஏறக்குறைய 6,060 கோடி பெற்றது. ஃபியூச்சர் கேமிங்கிடமிருந்து 509 கோடி பெற்றதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் தானே ஆணையத்திடம் தெரிவித்தது. உங்கள் கூட்டல் இவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் நிறுவனப் பெயரின் எழுத்து வேறுபாடுகளைப் பாருங்கள். "லிமிடெட்" என்பதன் முழு வடிவம், சுருக்கம், நடுவில் ஒரு புள்ளி என்று ஒரே பெயர் மூன்று நான்கு விதமாக வரும்.

பெயர் ஒற்றுமையை நம்பாதீர்கள். ஹப் பவர் கம்பெனி என்ற பெயரைப் பட்டியலில் பார்த்ததும் பாகிஸ்தான் நிறுவனம் இந்தியக் கட்சிக்குப் பணம் கொடுத்துவிட்டது என்று சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். பாகிஸ்தானில் உள்ள அதே பெயருடைய நிறுவனம் தனக்குச் சம்பந்தமில்லை என்று மறுத்தது. இப்படி ஒரு பிழை போதும், உங்களுடைய மற்ற ஐம்பது சரியான வரிகளையும் தள்ளிவிட.

நிறுவனத்தின் பக்கம்

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் அடிப்படை விவரங்கள் இலவசம். தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்க ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டணம். இரண்டு ஆவணங்கள் அவசியம்: ஏ.ஓ.சி.-4 என்ற ஆண்டுக் கணக்கு, எம்.ஜி.டி.-7 என்ற ஆண்டு அறிக்கை. முதலாவதில் லாபமும் அரசியல் நன்கொடையும், இரண்டாவதில் பங்குதாரர்களும் இயக்குநர்களும் இருப்பார்கள். நன்கொடை பெரும்பாலும் இலாப நட்டக் கணக்கின் முகப்பில் இருக்காது. "இதர செலவுகள்" என்ற தலைப்புக்கான குறிப்பில் ஒளிந்திருக்கும்.

நிறுவனத்தின் 21 இலக்க அடையாள எண்ணே பல செய்திகளைச் சொல்லும். முதல் எழுத்து பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை, இரண்டு எழுத்துகள் மாநிலம், நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. கம்பெனிகள் சட்டத்தின் 182-ஆவது பிரிவுப்படி, தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகாத நிறுவனம் கட்சிக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணைப் பார்த்தவுடனேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

அதே பிரிவு உச்சவரம்பும் வைக்கிறது: முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் 7.5 விழுக்காடு. லாபம் 6, 10, 14 கோடி என்றால் சராசரி 10 கோடி. அதிகபட்ச நன்கொடை 75 லட்சம். 2017-இல் இந்த வரம்பு நீக்கப்பட்டது. 2024 தீர்ப்பு அந்த நீக்கத்தையும் செல்லாது என்றது. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளில் நட்டத்தில் இருந்த நிறுவனம் கோடிகளைக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். கொடுத்த அன்று சட்டத்தை மீறியது என்று மட்டும் எழுதாதீர்கள்.

இயக்குநர்களுக்கு எட்டு இலக்க அடையாள எண் உண்டு. பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பின்தொடருங்கள். ஒரே முகவரியில் நான்கு நிறுவனங்கள், ஒரே ஆள் நான்கிலும் இயக்குநர், நான்கும் ஒரே வாரத்தில் நன்கொடை என்று தெரியவந்தால் அவற்றைக் குழுமமாகக் கூட்டிப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தை, அதாவது படிவம் 26-ஐ, சொத்துப் பகுதிக்காக மட்டுமே பலர் படிக்கிறார்கள். கடன் பகுதியைப் படியுங்கள். யாரிடம் கடன் வாங்கினார் என்ற பெயர் அங்கே இருக்கும். பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகள், அரசோடு உள்ள ஒப்பந்தங்கள் ஆகியவற்றையும் அவர் எழுதியாக வேண்டும். ஒரே நபர் மூன்று தேர்தல்களில் தந்த பிரமாணப் பத்திரங்களை அருகருகே வைத்தால் புதிதாக முளைத்த நிறுவனம் கண்ணில் படும்.

பதிலுக்கு என்ன கிடைத்தது

தமிழக அரசு வேலைகளுக்கு மாநில டெண்டர் இணையதளம், மத்திய அரசுக்கு மத்தியக் கொள்முதல் தளம், சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பரிவேஷ் தளம், நிலத்துக்குப் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று. வில்லங்கத்துக்குச் சர்வே எண் கையில் இருக்க வேண்டும்.

டெண்டரில் வென்றவர் பெயரோடு நிற்காதீர்கள். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், தொழில்நுட்பத் தகுதிச் சுற்றில் எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள், அறிவிப்புக்குப் பிறகு நிபந்தனை திருத்தப்பட்டதா, கேட்ட ஆண்டு வருவாய்த் தகுதி வேலையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி எழுத்துபூர்வமாகக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்பதற்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் இந்த நிறுவனத்துக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுதினால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: "மேற்படி டெண்டரில் பெறப்பட்ட அனைத்து விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், தகுதி மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பு, அவகாசக் குறைப்பு உத்தரவு, கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்." கடைசி வரியாகக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். நகலில் வராத தாள் பலமுறை கோப்பில் இருக்கும். வணிக இரகசியம் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆறு தேசியக் கட்சிகள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013-இல் உத்தரவிட்டும் கட்சிகள் ஏற்கவில்லை. கட்சி அலுவலகத்துக்கு மனு போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

எழுதும்போது

நன்கொடைக்குப் பின் ஒப்பந்தம் வந்ததாலேயே இரண்டுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிடாது. உங்கள் முடிவை நீங்களே உடைத்துப் பாருங்கள். நன்கொடை கொடுக்காத ஆண்டுகளில் அதே நிறுவனம் எத்தனை வேலை பெற்றது? கொடுத்தும் தோற்றவர்கள் உண்டா? எதிர்க்கட்சிக்கும் அதே அளவு கொடுத்ததா? இந்த மூன்றையும் தாண்டி நிற்கும் வரியை மட்டும் வெளியிடுங்கள்.

"லஞ்சம்", "கொள்ளை" என்ற சொற்களை நீதிமன்றம் சொல்லும்வரை தவிருங்கள். கொடுத்தது, பெற்றது, தேதி, தொகை என்று எழுதினாலே வாசகர் புரிந்துகொள்வார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவுப்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு விலக்கும் உண்டு. அந்த விலக்கைக் கோர உங்களிடம் தாள் இருக்க வேண்டும். முதலாளியின் சாதி, மதம், பூர்விக ஊர் எதுவும் வேண்டாம். அது நுழைந்த நொடியில் பேச்சு டெண்டரிலிருந்து விலகி ஒரு சமூகத்தின் மீது பாயும். தெருவில் சின்னக் கடை வைத்திருப்பவர்தான் அதில் அடிபடுவார்.

வெளியிடுவதற்கு முன் நிறுவனத்துக்கும் துறைக்கும் கட்சிக்கும் எண்ணிட்ட கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, குறைந்தது ஐந்து வேலை நாள் கொடுங்கள். பதில் வந்தால் முழுமையாகச் சேருங்கள்; வராவிட்டால் அனுப்பிய தேதியைச் சேருங்கள். பயன்படுத்திய ஒவ்வொரு பிடிஎஃபையும் எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி இரண்டு இடங்களில் சேமியுங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகும். வழக்கு என்று வந்தால் கையில் இருக்கும் அந்தப் பிரதிதான் நிற்கும்.