அதிபரும் செனட் தலைவரும்: சேலம் மாணவர்களுக்கு ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை

மாணவர்கள் வேடமேற்று நடத்தும் பேச்சுவார்த்தை இது: கம்போடியா மீதான அமெரிக்கக் குண்டுவீச்சை எப்போது நிறுத்துவது என்பதே பேரம். ஏற்காட்டில் முகாம் என்றால் அதை முதல் மணியில் வைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிள்ளைகளுக்கு அரை மணி நேரமாவது தலை சுற்றும்.

காலம்: 1973 ஜூன். வியட்நாம் போரை நிறுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் ஜனவரி 27-லேயே கையெழுத்தாகிவிட்டது, ஆனால் கம்போடியாவில் குண்டுவீச்சு நிற்கவில்லை. ஒருவர் அமெரிக்க அதிபர் நிக்சன், எதிரே நாடாளுமன்ற மேலவையான செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட், நேரம் பார்க்க ஒருவர். மொத்தம் 20 நிமிடம் போதும்.

நம் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘குடியரசுத் தலைவர்’ என்று எழுதிக் கொடுத்தால் டெல்லியை நினைத்துக்கொண்டு, அமைச்சரவை சொன்னபடி ஆடுவார்கள். ‘அதிபர்’ என்றே எழுதுங்கள். ‘ஆட்சியைக் கவிழ்ப்போம்’ என்று மான்ஸ்ஃபீல்ட் மிரட்டினால் உடனே நிறுத்துங்கள். அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. மான்ஸ்ஃபீல்டின் கட்சியும் நிக்சன் கட்சியல்ல.

மான்ஸ்ஃபீல்டின் கையில் இருப்பது கஜானா சாவி, அதாவது போருக்குப் பணம் ஒதுக்கும் நாடாளுமன்றத்தின் அதிகாரம். வியட்நாமில் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோன்கின் தீர்மானத்தை 1971-லேயே ரத்து செய்தும் போர் ஓடியது, படைத் தலைமை தன் அதிகாரம் என்றார் நிக்சன். பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார். ஆனால் அதிபருக்கு வீட்டோ, அதாவது மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம், இருக்கிறது, அதை உடைக்க இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆகவே இருவரும் குண்டுவீச்சு நிற்கும் தேதிக்குத்தான் பேரம் பேச வேண்டும். நிஜத்தில் படிந்த தேதி ஆகஸ்ட் 15. அதைச் சீட்டில் எழுதி மடித்து, கடைசியில் மட்டும் பிரியுங்கள்.